மூன்று வருசக் கணக்கு

மாசி 3

எட்டு மாதமாகப் "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிவந்த பேச்சு நேற்று ராத்திரி ஒரு நிலைக்கு வந்தது. புனே பக்கம் சாக்கனில் உள்ள ஆலையில் என் வீட்டுக்காரருக்கு மூன்று வருசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஜூனுக்குள்ள நீயும் பிள்ளைகளும் வந்துட்டா நல்லதுன்னு படுது. யோசிச்சுச் சொல்லு" என்று போனில் சொன்னார். யோசிப்பதை எழுதி வைத்தால் தெளியும் என்று இந்த நோட்டை எடுத்தேன். காரைக்குடிக் கடையொன்றுக்கு டேலியில் கணக்குப் போடுவதுதான் என் வேலை. ஆனாலும் கையால் எழுதினால்தான் எதுவும் மனசில் நிற்கிறது.

மூத்தவனுக்கு ஆனி வந்தால் ஐந்து. சின்னவளுக்கு ஒன்றரை. அத்தைக்கு அறுபத்தொன்று. அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு. வீட்டுக்கு நூறுக்கு மேல்.

*

"மூணு வருசமா? அப்பக் கொண்டுவிக்கப் போன கணக்குத்தான்" என்றார் அப்பத்தா, கேட்டவுடனே.

எங்கள் பக்கத்து நகரத்தார் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் போனது மூன்று வருசத் தவணையில். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாளாகிக் கடையைப் பார்ப்பார்கள். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் வருவார்கள். சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். பெரும்பாலும் ஆண்கள் மட்டும்தான் போனார்கள். ஆச்சிகள் இங்கே வீட்டைப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, வட்டிக்குப் போட்ட ஆச்சிமார் பணத்தையும் கவனித்துக்கொண்டு இருந்தார்கள். குடும்பத்தோடு போவதா வேண்டாமா என்ற கேள்வியே அன்றைக்கு எழவில்லை. எனக்கு எழுந்திருக்கிறது. கேட்டுப் பார்க்க எனக்கு முன்னால் நின்றவர்கள் இந்த வளவில் யாருமில்லை.

ஒரு விஷயம் எழுதும்போதுதான் உறைத்தது. 1937 மார்ச் முடிய பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போனவர்கள் சட்டப்படி வேறு மாகாணத்துக்குத்தான் போனார்கள், இவர் மகாராஷ்டிரம் போயிருப்பதுபோல. அந்த ஏப்ரல் முதல் தேதி அது தனியானது. அப்பத்தா பிறந்ததும் அந்த வருசம்தான்.

*

மாசி 9

நூலகத்துக்குப் போனேன். நெற்குப்பையில் பிறந்த சோமலெயின் பெயரைத் தாங்கிய நூலகம். 1921-இல் இந்த ஊரில் பிறந்து, உலகம் சுற்றி, அயல்நாடுகளைப் பற்றியும் தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் எழுதி, 1986-இல் காலமானவர். அவருடைய மாவட்டப் புத்தகங்களில் எனக்குப் பிடித்தது, ஊரைப் பற்றிப் பொதுவாகப் புகழாமல் அங்கே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போவது. அதேபோல் புனேயை எழுதிப் பார்க்கிறேன்.

முளா, முட்டா என்று இரண்டு ஆறு, ஊருக்குள்ளேயே கூடுகின்றன. கடல்மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரம். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழை அங்கே இல்லை. குளிர் உண்டு, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டும். பிம்ப்ரி-சிஞ்ச்வாடும் சாக்கனும் மோட்டார் தொழிலுக்குப் பேர்போனவை. சாவித்திரிபாய் புலே 1848-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது அந்த ஊரில். சின்னவளுக்குச் சொல்ல ஒரு கதை ஆயிற்று.

மராத்தியில் ள உண்டு. இந்தியில் இல்லாத எழுத்து. பிள்ளைகள் "பள்ளம்", "வெள்ளம்" என்று சொல்வதற்கு அங்கே நாக்கு கெடாது. ழகரத்தை மட்டும் வீட்டில் நாம்தான் காக்க வேண்டும்.

இவர் சொன்னது: அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பாட்டியை "ஆஜி" என்று கூப்பிடுகிறார்களாம். முதல்முறை மாடிப்படியில் கேட்டபோது ஆச்சி என்றுதான் காதில் விழுந்ததாம்; சட்டென்று திரும்பிப் பார்த்தேன் என்றார். அதைச் சொல்லும்போது குரல் மாறியது. எட்டு மாதத்தில் இவர் தனியாக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

*

இதை எழுதாமல் விட முடியாது.

தைப்பொங்கலுக்கு வந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து வருகிறார். மூத்தவன் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். தூண் மறைவில் நின்றான். "அப்பச்சிடா" என்றால் தலையை ஆட்டினான், கிட்டே போகவில்லை. சாயங்காலம் என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் முகப்பில் உட்கார்ந்திருந்த இவருடைய போன் அடித்தது. எடுத்தால் அவன்தான். பள்ளிக்கூடத்தில் பட்டம் விட்டது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் சொன்னான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வளவு தூரம். இவர் எழுந்து உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடியே பேசினார். கடைசியில் அவனே போனைக் கீழே வைத்தான்.

அன்று ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

*

மாசி 14. பள்ளிக்கூட விவரங்கள்.

நம் மாநிலத்தில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அங்கே ஆறு. இங்கே ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியவன் அங்கே இன்னொரு வருசம் யூகேஜியில் இருப்பான். என் அப்பச்சி இதைப் பெரிய நட்டமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வயதில் ஒரு வருசம் மெதுவாகப் போனால் எதுவும் குறைந்துவிடாது. அந்த வருசத்தில் அவனுக்கு அப்பச்சியோடு பேசப் போன் தேவைப்படாது.

மராத்தி கட்டாயம். 2020-இல் சட்டம் போட்டு எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள். இதில் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 2006-இல் நாம் தமிழுக்குச் செய்ததும் இதுவே. கர்நாடகம், கேரளம், தெலங்கானா எல்லாமே இப்படிச் சட்டம் வைத்திருக்கின்றன. இருக்கும் ஊரின் மொழியைப் பிள்ளை படிக்கட்டும். என் பயம் வேறு: தமிழ் எழுதப் படிக்க யார் சொல்லித் தருவது? நான்தான். தினம் அரைமணி நேரம் என்று இப்போதே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் ஆரம்பிக்கலாம் என்றால் நடக்காது.

பின்னால் வரப்போவது: இங்கே அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம். மகாராஷ்டிரத்தில் டொமிசைல் சான்றிதழுக்குப் 15 வருசம் குடியிருக்க வேண்டும். மூன்று வருசம் மூன்றாகவே முடிந்தால் இவன் எட்டு வயதில் திரும்பிவிடுவான், ஒன்றும் கெடாது. மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதானால் அங்கும் முழுசாக இல்லை, இங்கும் இல்லை என்று ஆகும். அதனால் அவன் ஆறாம் வகுப்பு போவதற்குள் எந்த ஊர் என்று முடிவு செய்துவிட வேண்டும். இவரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. இந்த ஒரு கெடு இல்லாமல் போனால் நான் போகவே கூடாது.

*

யோசனை சொல்ல வருகிறவர்கள் இரண்டு கட்சி.

பெரியப்பச்சி முறை வேண்டிய பங்காளி ஒருவர், "பூங்குன்றனார் ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு வேற ஊருக்குப் போக யோசிக்கலாமாத்தா?" என்று கேட்டார். மகிபாலன்பட்டி எங்களுக்குப் பக்கம்தான். சின்ன வயசில் பண்டிதமணி பிறந்த ஊர், கணியன் பூங்குன்றனார் ஊர் என்று காட்டிக் காட்டி வளர்த்தார்கள். எல்லாரும் அந்தப் புறநானூற்றுப் பாட்டின் முதல் அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாட்டு இறங்கிப் போய் ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் புணையைப் பேசுகிறது. எனக்கு அந்த இடம்தான் நிற்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

இன்னொரு கட்சி: "அவுகள மட்டும் போகச் சொல்லு. நம்ம வீட்டுப் பொம்பளைக இருந்து காட்டலியா?" இதைச் சொன்னவர்கள் எல்லாரும் பெண்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

*

மாசி 21

இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய பேரேட்டைப் பார்த்தேன். அப்பத்தா இந்த வீட்டுக்கு வரும்போது கூடவே வந்த அவர் அப்பச்சியின் பேரேடு; பெகு கடைக் கணக்கு. கணக்கெழுதுகிறவள் கண்ணால் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. கப்பல் சத்தம், வேட்டி இரண்டு, சமையல்காரனுக்கு, பெட்டியடிப் பையனுக்குச் செருப்பு, இளையாத்தங்குடிக் கோயில் மகமை. ஒரு தம்பிடி விடுபடவில்லை. வருசக் கடைசியில் ஐந்தொகை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது நான் டேலியில் ஒரு பொத்தானைத் தட்டி எடுக்கும் அதே இருப்புநிலைக் குறிப்பு.

பர்மாவில் எங்களவர் கடைகள் சுமார் 1,650 என்று 1930-ஐ ஒட்டி நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. முதல் 75 கோடி ரூபாய். அடுத்து வந்த பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் எங்களவர் கைக்கு வந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு ஆறு. 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து. கேட்டு வாங்கிய நிலம் இல்லை. ஆனால் அங்கே உழுதவன் கண்ணில் அது எப்படிப் பட்டிருக்கும் என்று நாம் அதிகம் பேசியதில்லை. பிறகு 1941 டிசம்பர் 23, ரங்கூனில் குண்டு. 1948-இல் நில தேசியமயச் சட்டம். 1960-களில் மிச்சமும் போயிற்று.

பேரேட்டில் இல்லாதது ஒன்று. மூன்று வருசம் அப்பச்சி முகம் பார்க்காத பிள்ளைகள். அதற்குப் பற்று வரவு எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த ஆச்சிகளின் நெஞ்சுரத்தை நான் கும்பிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் ஒற்றையாய் நின்று நடத்தியவர்கள். நூற்றாண்டு மலர்களில் அவர்களைப் புகழ்ந்து எழுதுகிறோம். ஆனால் அவர்களுக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கொடுக்கப்பட்டிருந்தால் எத்தனை பேர் கப்பல் ஏறியிருப்பார்கள்?

*

மாடிச் சுவரைப் பூச வந்த ஆட்களில் ஒருவர் பீகார்க்காரர், தர்பங்கா பக்கம். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் தூணில் சாய்ந்து வீடியோ அழைப்பில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன்: குடும்பத்தை ஏன் கூட்டி வரவில்லை? வாடகை, ரேஷன், அம்மா தனியாக இருக்கிறார் என்றார். முன்னுரிமை அட்டை இருந்தால் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாமே, தமிழ்நாடு 2020-லேயே அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டதே என்றேன். தெரியும் என்று தலையசைத்தார். பிறகு அம்மா என்ற சொல்லைத்தான் திருப்பிச் சொன்னார்.

பர்மாத் தேக்குத் தூண். அதில் சாய்ந்து அவர்.

*

பங்குனி 2. வரவு செலவு.

இப்போது: அவருடைய அறை, மெஸ் 13,000. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோக, சராசரி மாதம் 4,000. இங்கே வீட்டுச் செலவு 18,000. ஆக 35,000.

போனால்: இரண்டு படுக்கையறை வீடு வாடகை 22,000. முன்பணம் தனி. 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள். வீட்டுச் செலவு 20,000. பள்ளி 5,000. இங்கே அத்தை, அப்பத்தா செலவு 10,000. ஆக 57,000. என் சம்பளம் 14,000 நின்றால் இடிக்கும். முதலாளியிடம் பேசினேன். "மாசாமாசம் ஜிஎஸ்டி மட்டும் தவறக்கூடாதும்மா, மத்தபடி எங்கேருந்து செஞ்சா என்ன" என்றார். பெரிய பாரம் இறங்கியது. கம்பெனி மாற்றல் படி தருகிறது. மிச்சம் குறையும், கடன் வராது.

பைக்கை இங்கேயே விட்டுவிடுவது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டினால் அங்கே மறுபதிவு, வரி, இங்கிருந்து தடையில்லாச் சான்று. அந்த அலைச்சல் வேண்டாம்.

*

வேலை இங்கே வந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தார்கள். வெளிமாநில விஞ்ஞானிகள் குடும்பத்தோடு இந்த வறண்ட மண்ணுக்குக் குடிவந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அன்றைக்கு இப்படி ஒரு நோட்டில் காரைக்குடியைப் பற்றி எழுதியிருப்பார்களோ என்று இன்று நினைத்துக்கொண்டேன். சுற்றிலும் பொட்டல், தண்ணீர்க் கஷ்டம், தெரியாத மொழி.

*

பங்குனி 8

அத்தைதான் உண்மையான தடங்கல். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரண்டு நாளாக அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கூடியிருந்தது. இன்று மாவு சலிக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"நீங்க போகச் சொன்னாத்தான் போவேன் அத்தை."

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க மாமா திருச்சியில இருந்தப்ப நான் இங்கதான் இருந்தேன். பத்து வருசம். என்னைய யாரு கேட்டாக?"

அதோடு நிறுத்தினார்கள். சலித்த மாவைக் கையால் தடவிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு: "அப்பத்தாவுக்கு ராத்திரி மூச்சு வாங்குனா பொன்னமராவதி வரைக்கும் யாரு கூட்டிட்டுப் போவா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருக்கிற ஏற்பாட்டைச் சொன்னேன். வீட்டுக்கு வந்துபோகும் கார்க்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பங்கு ஆச்சி ராத்திரி வந்து படுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவசரம் என்றால் 108. ஆடி முடிந்து ஓடு மாற்ற ஆள் வரும்போது நான் வந்து பத்து நாள் இருப்பேன். எல்லாம் சேர்த்தாலும் நான் இருப்பதற்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்கிறேனோ என்ற கலக்கம் இன்னும் போகவில்லை. புனே போன பிறகும் போகாது என்றே நினைக்கிறேன்.

"புள்ளைகளுக்கு அங்க தேங்கொழல் அச்சு எடுத்துட்டுப் போ" என்றார்கள் கடைசியில்.

*

பங்குனி 11. அப்பத்தா சொன்னது. சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"எங்கப்பச்சி பெகுவுக்குப் போனப்ப நான் வயித்துல இருந்தேன். மூணு வருசம்னுதான் போனாக. அங்க கடன் வசூலாகல, இன்னும் இருன்னு முதலாளி எழுதிட்டாக. அப்புறம் சண்ட வந்துருச்சு. காயிதம் நின்னு போச்சு. ஆத்தா பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கயில அழுதுச்சு, அது மட்டும் நெனப்பிருக்கு. ஒருநா வெயில்ல ஒருத்தரு முகப்புல வந்து நின்னாரு. தாடி. காலெல்லாம் வெடிப்பு. தமு வழியா மணிப்பூருக்கு நடந்தே வந்தவுக. கூட வந்ததுல பாதிப்பேரு வழியிலேயே போயிட்டாக. நான் பிச்சைக்காரன்னு நெனச்சு உள்ள ஓடிக் குலுக்கைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். ஆத்தாதான் கொரல வச்சுக் கண்டுபிடிச்சுச்சு. எனக்கு அஞ்சு வயசு. ஆறு மாசம் அவுக மடியில உக்காரல ஆத்தா. கூப்புடுவாக. நான் தூணப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எனக்குப் பதினொண்ணு ஆகயில போய்ச் சேந்துட்டாக. மொத்தம் ஆறு வருசம். அதுலயும் ஆறு மாசத்த நான் விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

"பொங்கலன்னிக்கு உன் மகன் நின்னானே, தூணுக்குப் பின்னால. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்களும் வாங்க அப்பத்தா."

"நான் வரல. எனக்கு இந்த வளவு வேணும். நீ கூட்டிட்டுப் போ."

*

பங்குனி 19

ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு. நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக மும்பை போகும் வண்டி புனேயில் நிற்கிறது. காலை எட்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் லீவு போட்டு வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஐந்து முடியாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். பையனுக்கு ஐந்து முடிய அப்போதும் சில நாள் பாக்கி இருக்கும். ஆனாலும் ஒரு நாளுக்கு மேல் பயணம், அவனுக்கென்று ஒரு படுக்கை இருக்கட்டும் என்று முழுக் கட்டணம் கொடுத்தே போட்டேன். கீழ்ப் படுக்கை ஒன்று, நடு ஒன்று, மேலே ஒன்று.

பையனிடம் சொன்னேன். "அப்பச்சி வீட்டுல தூண் இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டான்.

அப்பத்தா பிள்ளையார் நோன்புக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கார்த்திகைத் தீபம் கழிந்து 21-ஆம் நாள், டிசம்பரில் வரும். அந்த டிக்கெட் அக்டோபரில்தான் திறக்கும். அடுப்படிக் காலண்டரில் அக்டோபர் தாளைத் தூக்கி, எட்டு மணி என்று எழுதி வட்டம் போட்டேன். அத்தை பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, பக்கத்தில் "நாலு டிக்கெட்" என்று எழுதினார்கள்.